தாண்டிய பிறகும் எதற்கு வரிசை?

அமெரிக்காவில் நாலு தமிழ் டாக்டர்கள் ஒரு வீட்டில் சாப்பிடக் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "ஸ்டெப் 1 மார்க்கை எடுத்துட்டாங்க, நம்ம பிள்ளைங்க வாய்ப்பு போச்சு." சொல்பவர் பெரும்பாலும் இருபது வருடத்துக்கு முன் 240-க்கு மேல் வாங்கியவர். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஊரில் இருக்கும் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதேதான் ஓடுகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்க யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வின் படிகளைத் தாண்ட வேண்டும். அதன் முதல் படியான ஸ்டெப் 1-க்கு மூன்று இலக்க மதிப்பெண் கொடுத்துவந்தார்கள். 2022 ஜனவரி 26 முதல் அது நின்றது. இப்போது பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். அதன்பின் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பம், நேர்காணல், மார்ச் மாதம் யாருக்கு எந்த இடம் என்று சொல்லும் 'மேட்ச்' முடிவு.

நம்மவர்களின் வாதம் இது. மதிப்பெண்ணுக்கு நிறம் தெரியாது, உச்சரிப்பு தெரியாது, மதுரையா பாஸ்டனா என்றும் தெரியாது. ஊர் பேர் தெரியாத கல்லூரியில் படித்தவன் 260 வாங்கினால் ஹார்வர்டுக்காரன் பக்கத்தில் போய் நிற்கலாம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சிபாரிசுக் கடிதமும் நேர்காணலும். இரண்டும் அவர்கள் ஆளுக்குத்தான் சாதகம். ஆகவே மதிப்பெண் திரும்ப வர வேண்டும்.

இந்த வாதம் தவறு என்று நினைக்கிறேன். தவறு என்பதோடு, நம் பிள்ளைகளை உண்மையில் தடுக்கும் கதவை விட்டுவிட்டு வேறு கதவைத் தட்ட வைக்கிறது என்பதால் எனக்கு இதன்மேல் கோபமும் உண்டு.

நேர்காணல் மீது தமிழனுக்கு இருக்கும் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு ஒரு காலத்தில் நேர்காணல் இருந்தது. அதற்கு 75 மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். பெரியகருப்பன் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு நடந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தது. அப்பா பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ஆளை எடைபோட்ட அறைகள் நம் நினைவில் இருக்கின்றன. மதிப்பெண்ணைப் பிடித்துத்தான் மேலே வந்தோம் என்ற நன்றியும் இருக்கிறது. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குச் செலுத்த வேண்டிய நன்றியை ஸ்டெப் 1-க்குச் செலுத்துவது பொருந்தாது. இரண்டும் வேறு வேறு கருவிகள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மேட்ச் நடத்தும் என்.ஆர்.எம்.பி. ஒவ்வோர் ஆண்டும் விவரம் வெளியிடுகிறது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் இடம் கிடைத்தவர்கள் 2017-ல் 52.4 சதவீதம், 2018-ல் 56.1, 2019-ல் 58.6, 2020-ல் 61.1, 2021-ல் 54.8. இவை எல்லாம் மதிப்பெண் இருந்த காலம். மதிப்பெண் இல்லாமல் தேர்வு எழுதியவர்கள் பெருவாரியாக மேட்சுக்கு வந்தது 2024-ல்: 58.5. அடுத்த ஆண்டு 58.0. கதை முடிந்தது என்கிறார்களே, எங்கே முடிந்தது? இடங்களின் எண்ணிக்கை கூடியதும் இதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. 2025-ல் 43,000-க்கும் மேற்பட்ட இடங்கள். ஆனால் மதிப்பெண் போனதால் வாய்ப்பு சரிந்தது என்பவர் ஒரு சரிவைக் காட்ட வேண்டும். அப்படி ஒரு சரிவு இந்த எண்களில் இல்லை. இதே ஆண்டுகளில் அமெரிக்க எம்.டி. மாணவர்களுக்கு 93 சதவீதத்தை ஒட்டியே இருந்துவருகிறது. இந்த இடைவெளி 260 இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை மதிப்பெண் மூடவில்லை.

ஏன் மூடவில்லை என்பதற்கு அந்த எண் எப்படிப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். சில டஜன் இடங்கள் உள்ள ஒரு ரெசிடென்சித் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. ஈராஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் அதன் இயக்குநர் வடிகட்டி போடலாம்: இந்த மதிப்பெண்ணுக்குக் கீழே வேண்டாம், பட்டம் வாங்கி இத்தனை ஆண்டு ஆனவர் வேண்டாம், விசா தேவைப்படுபவர் வேண்டாம். வெளிநாட்டுப் பட்டதாரிக்கு ஒரு கோடு, உள்ளூர்க்காரருக்கு அதைவிடத் தாழ்வான ஒரு கோடு என்று வைத்திருந்தார்கள். விண்ணப்பித்த எல்லாருக்கும் இது தெரியும். 225 வாங்கிய அமெரிக்க மாணவருக்கு அழைப்பு வந்தது, 240 வாங்கிய நம்மவருக்கு வரவில்லை. நிறம் தெரியாத எண்ணை நிறம் தெரிந்த கை எடுத்து, இரண்டு அளவுகோலாக வெட்டிக்கொண்டது. 260 வாங்கியவர் அந்தக் கையைத் தாண்டி மேலே வந்தார், உண்மைதான். வந்தவர் விருந்தில் உட்கார்ந்து பேசுகிறார். 236-ல் நின்றவர் அந்த விருந்துக்கு வரவே இல்லை. அவர் வாதத்தை யார் கேட்டார்கள்?

அந்த எண்ணுக்கே அவ்வளவு எடை தாங்கும் சக்தி கிடையாது. இது உரிமத் தேர்வு. ஒருவர் நோயாளியைத் தொடப் போதுமான அடிப்படை அறிவு பெற்றிருக்கிறாரா என்று பார்க்க உண்டானது. 1992-ல் தொடங்கியபோது ரெசிடென்சிக்கு ஆள் பொறுக்கும் நோக்கம் அதற்கு இல்லை. மதிப்பெண்ணின் அளவீட்டுப் பிழை சுமார் 6 என்று நடத்தியவர்களே சொல்லிவந்தார்கள். 238 வாங்கியவரையும் 247 வாங்கியவரையும் எதிரெதிரே நிறுத்தி, இவர்தான் அதிகம் தெரிந்தவர் என்று நம்பிக்கையோடு சொல்ல முடியாது என்பது இதன் பொருள். ஆனால் அந்த ஒன்பது மதிப்பெண்ணில் எலும்பு மருத்துவராக இருந்திருக்க வேண்டியவர் வேறு துறைக்குப் போனார். இன்னொன்று: பாஸாகிவிட்டால் திரும்ப எழுத முடியாது. மதிப்பெண் இருந்த காலத்தில் ஏழு பிளாக், பிளாக்குக்கு ஒரு மணி நேரம், நாற்பது கேள்வி, கேள்விக்கு ஒன்றரை நிமிடம். அந்த ஒரு நாளில் காய்ச்சலடித்தால் காய்ச்சலோடு வந்த எண்தான் ஆயுளுக்கும்.

சென்னையில் ப்ரோமெட்ரிக் மையத்துக்குப் போய் எழுதியவர்களுக்குத் தெரியும். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டி, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி, மெட்டல் டிடெக்டர் தடவலுக்கு நின்று உள்ளே போக வேண்டும். நாள் முழுக்கச் சேர்த்து இடைவேளை அப்போது முக்கால் மணி நேரம். டிஃபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தை நாலு வாய் அள்ளிப்போட்டு ஓடி வருபவருக்கு, அடுத்த பிளாக்கில் ஏதோ ஒரு நொதிக் குறைபாட்டின் பெயர் மறந்துபோனால் எதிர்காலமே மாறிவிடும் நிலை இருந்தது. இதை நியாயத்தின் உச்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதிப்பெண் போட்டி படிப்பையே என்ன செய்தது என்பது தனி வேதனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்க மாணவர்களின் சராசரி 200-ஐ ஒட்டி இருந்தது. 2010-களின் இறுதியில் 230. முப்பது வருடத்தில் மாணவர்கள் அவ்வளவு சிறந்த டாக்டர்களாகிவிட்டார்களா? தேர்வுக்குப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். யூவேர்ல்ட் கேள்வி வங்கியும் ஃபர்ஸ்ட் எய்ட் புத்தகமும் ஆங்கி அட்டைகளும் கல்லூரிப் பாடத்துக்குப் பதில் இன்னொரு பாடமாக உட்கார்ந்துகொண்டன. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஹவுஸ் சர்ஜன் ஒருவர் டியூட்டி அறையில் லேப்டாப்பில் கேள்விகளைத் தட்டிக்கொண்டிருப்பார். வெளியே படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளிக்கு மூச்சு வாங்கும். அவர் கெட்டவர் அல்ல. ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை என்று சொல்லிக்கொடுத்தால் யாரும் அப்படித்தான் உட்காருவார்கள்.

இங்கே ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். நீட் வந்தபோது, ஒரே நாள் தேர்வு ஒரு பிள்ளையின் தகுதியைச் சொல்லாது, கோச்சிங் கட்டணம் கட்ட முடிந்தவன் ஜெயிப்பான் என்று தமிழ்நாடு வாதாடியது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் அதைத்தான் விரிவாக எழுதியது. விருந்தில் நான் கேட்கும் பலர் அதைச் சரி என்று சொன்னவர்கள். அதே நாக்கு ஸ்டெப் 1-ஐ மட்டும் ஏழைப் பிள்ளையின் ஏணி என்கிறது. தேர்வுக் கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேல். கேள்வி வங்கிக்குத் தனி. வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படிக்க மாதங்கள். எந்த ஏழைப் பிள்ளை?

சரி, ஸ்டெப் 1 போனால் அடுத்த படியான ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண் இருக்கிறதே, சுமை அங்கே நகர்ந்தது, அவ்வளவுதானே என்கிறார்கள். இது நல்ல கேள்வி. ஆமாம், நகர்ந்திருக்கிறது. அதனால் பழையதைத் திரும்பக் கொண்டுவா என்று ஆகுமா? ஸ்டெப் 2 எண்ணையும் இதே கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்றுதான் ஆகும். குறைந்தபட்சம் ஸ்டெப் 2 வார்டில் நின்று பார்த்த நோய்களைக் கேட்கிறது. இன்னொரு வாதம், மதிப்பெண் போனதும் மாணவர்கள் அலட்சியமானார்கள் என்பது. வெளிநாட்டு மாணவர்களில் முதல் முறையிலேயே ஸ்டெப் 1 தேறியவர்கள் 2021-ல் 82 சதவீதம், 2022-ல் 74. அமெரிக்கர்களிடமும் இறங்கியது. அதே நேரத்தில் தேர்ச்சி எல்லையை 194-லிருந்து 196 ஆக உயர்த்தியதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தவிர, கோட்டைத் தாண்டாதவர் நிற்கிறார் என்றால் கோடு தன் வேலையைச் செய்கிறது. உரிமத் தேர்வின் வேலை அதுதான்.

இப்போது நேர்காணலுக்கு வருகிறேன். மதிப்பெண் கட்சிக்காரர்கள் கையில் வைத்திருக்கும் வலுவான சான்று ஒன்று உண்டு. அவர்கள் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

1979-ல் டெக்சாஸ் சட்டமன்றம், ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியை அந்த ஆண்டே 150-க்குப் பதில் 200 பேரைச் சேர்க்கச் சொன்னது. சேர்க்கை முடிந்துவிட்டிருந்தது. நேர்காணலுக்கு வந்த 800 பேரில் நல்ல தரவரிசையில் இருந்தவர்கள் ஏற்கெனவே வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம், பட்டியலின் கடைசி நூறு பேர். அவர்களிலிருந்து ஐம்பது பேரை எடுத்தார்கள். பெரும்பாலோரை வேறு எந்தக் கல்லூரியும் எடுத்திருக்கவில்லை. முன்பு எடுத்த 150 பேரும் இந்த ஐம்பது பேரும் சேர்ந்து படித்தார்கள். படிப்பிலும், வார்டு வேலையிலும், பட்டம் பெற்ற பிறகான முதல் ஆண்டிலும் இரு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1987-ல் ஜாமா இதழில் இது வெளிவந்தது. இரு கூட்டத்தையும் முதலில் பிரித்ததில் பெரும்பங்கு நேர்காணல் செய்தவர்களின் அபிப்பிராயம்தான்.

பார்த்தீர்களா, நேர்காணல் வெறும் குருட்டுக் கணிப்பு, ஆகவே மதிப்பெண்ணைக் கொடு என்கிறார்கள். இல்லை. ஹூஸ்டன் சொல்வது இன்னும் ஆழமானது: தகுதிக் கோட்டைத் தாண்டியவர்களுக்குள் நாம் போடும் வரிசைக்கு, யார் நல்ல டாக்டராவார் என்பதோடு பெரிய சம்பந்தம் இல்லை. அரட்டை நேர்காணலால் வரிசை போட்டாலும் அப்படித்தான். ஆறு மதிப்பெண் பிழையுள்ள எண்ணால் வரிசை போட்டாலும் அப்படித்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, தாண்டியவர்களில் இந்தத் திட்டத்துக்கு, இந்த ஊர் நோயாளிகளுக்கு யார் பொருந்துவார் என்பது. அதை எண் சொல்லாது. ஒழுங்காக நடத்திய உரையாடல் கொஞ்சம் சொல்லும்.

ஒழுங்காக என்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஜூனியர் ஒருவர், விருதுநகர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். வீட்டிலிருந்தே ஜூமில் நேர்காணல். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மதியம் இரண்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று அப்பா ஃபேனை நிறுத்திவிட்டு விசிறி மட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். முதல் நேர்காணலில் பொழுதுபோக்கு என்ன, எங்கள் ஊர்ப் பனி தாங்குமா, கிரிக்கெட் பிடிக்குமா என்று இருபது நிமிடம் போயிற்று. எதிரே இருந்தவர் சிரித்தார், இவரும் சிரித்தார். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது திட்டத்தில் விண்ணப்பித்த எல்லாரிடமும் ஒரே நாலு கேள்வி. அதில் ஒன்று, நீங்கள் ஏறக்குறையத் தவறவிட இருந்த நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது. அவர் சொன்னார்: அதிகாலையில் வயிற்றுவலி என்று ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். வாந்தி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஊசி போட்டு அனுப்பலாம் என்று எழுந்தவர், பையன் இமையைத் தூக்கச் சிரமப்படுவதைப் பார்த்தார். இரவு எங்கே படுத்தான் என்று கேட்டார். தரையில். கடிவாய் எங்கும் தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் தெரியாது. விஷமுறிவு மருந்தை ஏற்றி, 108 வண்டியில் தானும் ஏறி, ஜில்லா ஆஸ்பத்திரி வரும்வரை பலூனை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனார். கட்டுவிரியனைக் கண்டிராத அந்த அமெரிக்க மருத்துவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, இமையை ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டாராம்.

இந்தக் கேள்விக்கான பதில் எந்த மூன்று இலக்கத்துக்குள் அடங்கும்? எல்லாருக்கும் ஒரே கேள்வி, பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பிட்டு எழுதுவது, அதன்பிறகே கலந்து பேசுவது. இப்படி நடத்தினால் உச்சரிப்புக்கும் ஊருக்கும் நுழைய இடம் குறையும். முழுதாக அடைபடாது, தெரியும். ஆனால் எண் அடைத்துவிட்டது என்பது பொய்.

இன்னொரு விஷயத்தையும் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் தோற்பது நேர்காணலில் அல்ல. இன்டர்னல் மெடிசினில் பத்துப் பன்னிரண்டு நேர்காணல் கிடைத்துவிட்டவர்களில் பெரும்பாலானோர் எங்காவது மேட்ச் ஆகிவிடுகிறார்கள். அந்தப் பொருத்தும் முறையே விண்ணப்பதாரரின் விருப்ப வரிசையிலிருந்து தொடங்கும்படி 1998-ல் திருத்தப்பட்டது. அதைத் திருத்தியவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், இந்த வகை ஆய்வுகளுக்காக 2012-ல் நோபல் பரிசு பெற்றார். எந்த இடத்தை முதலில் எழுதுவாய் என்று திட்டங்கள் உங்களிடம் கேட்கவே கூடாது என்பது விதி. சண்டை இருப்பது அழைப்பு வருவதற்கு முன்னால், அந்த வடிகட்டியில்.

அங்கே என்ன இருக்கிறது? பட்டம் பெற்று ஐந்து வருடம் ஆனவர் வேண்டாம் என்ற ஒரு கட்டம். இமையைப் பார்த்த அந்த டாக்டர் இன்னும் ஒரு வருடம் சுகாதார நிலையத்தில் இருந்திருந்தால், பல திட்டங்களின் கணினி அவரைப் பழசு என்று தள்ளியிருக்கும். குழந்தை பெற்று இரண்டு வருடம் வீட்டில் இருந்த பெண்ணையும் அது தள்ளும். அடுத்து விசா. 2025 மே கடைசியில், ரெசிடென்சிக்கு வருபவர்கள் எடுக்கும் ஜே-1 விசாவுக்குப் புதிதாக நேரம் கொடுப்பதை அமெரிக்கத் தூதரகங்கள் சில வாரம் நிறுத்தின. ஜூலையில் வேலையில் சேர வேண்டியவர்கள் வயிற்றில் நெருப்போடு காத்திருந்தார்கள். செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. 280 வாங்கியவரையும் இது விடாது. அடுத்து செலவு: 2025-ல் ஒரு துறையில் முப்பது திட்டங்கள் வரை திட்டத்துக்கு 11 டாலர், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர் என்று ஈராஸ் வாங்கியது. நூறு திட்டங்களுக்கு 2,430 டாலர். பயத்தில் இருநூறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்டெப் 2 சி.எஸ். என்ற செய்முறைத் தேர்வுக்கு விசா எடுத்து, பிலடெல்ஃபியா, சிகாகோ, அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் என்று ஐந்து ஊர்களில் ஒன்றுக்குப் பறந்து வர வேண்டியிருந்தது. கொரோனாவில் அது நின்றது, 2021-ல் ஒரேயடியாக ஒழிந்தது. நேர்காணலும் ஜூமுக்கு வந்தது. அந்த இரண்டு மாற்றமும் சேர்ந்து சாத்தூர் மாதிரி ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணுக்குச் செய்த உதவியை எந்த மதிப்பெண்ணும் செய்ததில்லை. இப்போது சில திட்டங்கள் மறுபடி நேரில் வா என்கின்றன. இதை எதிர்த்து விருந்துகளில் ஒரு குரல் கேட்டதில்லை.

அமெரிக்க டாக்டர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். தமிழர்கள் பேராசிரியர்களாக, துறைத் தலைவர்களாக, திட்ட இயக்குநர்களாக இருக்கிறார்கள். மதிப்பெண் திரும்ப வர வேண்டும் என்று புலம்பும் அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் நான் கேட்பது இதுதான். செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்கள் திறக்கும் முன், உங்கள் துறையின் வடிகட்டியில் பட்டம் பெற்ற ஆண்டுக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து என்றிருந்தால் பத்தாக்கச் சொல்லுங்கள். விசா கட்டத்தில் குறி இருந்தால் யார் போட்டது, ஏன் என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூம் நேர்காணல் தொடரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வடிகட்டியைத் தளர்த்தினால் விண்ணப்பம் வாசிக்க ஆள் போதாது என்று பதில் வரும். அப்போது ஐம்பது விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டு நீங்களே வாசியுங்கள்.